பிளாட்டிபஸ்: தமிழில் வாத்தலகி

முட்டையிட்டுப் பால் கொடுக்கும் விலங்கு என்று பள்ளியில் படித்திருப்போம். பிளாட்டிபஸ் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த பெயர். 'பிளாட்டிஸ்' என்றால் தட்டை, 'பௌஸ்' என்றால் கால். அப்படியே தமிழாக்கினால் 'தட்டைக்காலி'. அந்தப் பெயரை ஏற்க எனக்கு மனமில்லை.

1798-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ஜான் ஹன்டர் இந்த விலங்கின் தோல் ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். மறு ஆண்டு ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா அதை விவரித்து 'பிளாட்டிபஸ் அனாட்டினஸ்' என்று பெயர் சூட்டினார். நாலுகால் விலங்கின் தலையில் வாத்தின் அலகை யாரோ பொருத்திவிட்டார்களோ என்ற ஐயம் அவருக்கே இருந்தது. அவர் முன்னால் கிடந்தது காய்ந்த தோல். உயிருள்ள விலங்கின் முன்னங்காலைப் பார்த்திருந்தால் அந்தப் பெயர் தோன்றியிருக்குமா என்பதே சந்தேகம். நீந்தும்போது விரலிடைச் சவ்வு நகங்களையும் தாண்டித் துடுப்பாக விரிகிறது. கரையேறியதும் அதே சவ்வு உள்ளங்கைப் பக்கம் மடங்கிக்கொள்ள, நகங்கள் வெளியே வருகின்றன. அவற்றால்தான் ஆற்றங்கரையில் வளை தோண்டுகிறது. தட்டையாக இருப்பது அந்தக் காலின் ஒரு நிலை மட்டுமே.

அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. 1793-லேயே ஒரு வண்டுப் பேரினத்துக்குப் பிளாட்டிபஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1800-இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் புளூமன்பாக் இட்ட 'ஆர்னித்தோரிங்கஸ்' என்ற பெயரே பேரினத்துக்கு உரியதாயிற்று. அதற்குப் பறவை மூக்கு என்று பொருள். ஷா வைத்த 'அனாட்டினஸ்' சிற்றினப் பெயராகத் தங்கியது. லத்தீனில் அது வாத்துப் போன்றது. ஆக, அறிவியல் பெயரில் கால் இல்லை. வாத்தும் மூக்கும்தான் இருக்கின்றன.

தமிழில் வழங்கும் 'வாத்தலகி' அந்த இடத்தைத்தான் தொடுகிறது. வாத்து + அலகு + இ. உயிரெழுத்து வர, குற்றியலுகரம் கெட்டுச் சேர்கிறது. முதுகெலும்பு உடையது முதுகெலும்பி ஆனது போல, வாத்தின் அலகு உடையது வாத்தலகி. வாயின் வடிவத்தைப் பார்த்துப் பெயரிடுவது நமக்குப் பழக்கம்தான். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் என்று பறவைகளுக்கு வைத்திருக்கிறோம்.

ஒரு மறுப்பு எழலாம். பறவையின் அலகு கடினமானது. இதன் அலகோ மென்மையான, ஈரத்தோல் போர்த்தியது. ஆனால் தமிழில் அலகு என்றால் பறவை மூக்கு மட்டுமா? ஜன்னி கண்டவருக்கு 'அலகு கிட்டிக்கொண்டது' என்கிறோமே, அங்கே அது தாடை. வாத்தலகியின் அலகும் நீண்ட தாடையெலும்பின் மேல் தோல் போர்த்தியதுதான். சொல் இரண்டு வழியிலும் பொருந்துகிறது.

அந்தத் தோலில் மின்புலத்தை உணரும் நுண்ணுறுப்புகள் ஏறத்தாழ 40,000 உள்ளன. நீருக்குள் இறங்கியதும் வாத்தலகி கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்கிறது. தலையை இடமும் வலமும் ஆட்டியபடி ஆற்றின் அடியைத் துழாவுகிறது. சேற்றில் ஒளிந்திருக்கும் இறால் தசையை அசைத்தால் பிறக்கும் மிக மெல்லிய மின்துடிப்பு அலகில் படுகிறது. இரை இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட உறுப்பை விட்டுவிட்டுக் காலைப் பெயராக வைப்பது நியாயமில்லை.

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலும் டாஸ்மேனியாவிலும் மட்டுமே இது இயற்கையாக வாழ்கிறது. அங்குள்ள பழங்குடி மக்கள் மல்லங்காங், தம்ப்ரீட் என்றெல்லாம் அழைத்தார்கள். இது முட்டையிடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பிய அறிஞர்களோ 1884 வரை வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவ்வாண்டு விலங்கியலாளர் வில்லியம் கால்டுவெல், குவீன்ஸ்லாந்தில் பழங்குடியினரின் உதவியோடு தேடி உறுதிசெய்து தந்தி அடித்த பிறகே வழக்கு தீர்ந்தது.

இது அடங்கும் விலங்கு வரிசைக்கு 'மோனோட்ரீம்' என்று பெயர்; ஒற்றைத் துளை என்று பொருள். கழிவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஒரே வழி. 'ஒருதுளைப் பாலூட்டி' என்றால் போதும்.

பிள்ளையை எப்படிச் சொல்வது? முட்டையிலிருந்து வருவதால் குஞ்சா, பால் குடிப்பதால் குட்டியா? தாய்க்கு முலைக்காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் கசியும் பாலைத்தான் பிள்ளை மூன்று நான்கு மாதம் குடிக்கிறது. தமிழ் இதில் கண்டிப்புக் காட்டுவதில்லை. முட்டையிலிருந்து வந்தாலும் பாம்புக்குட்டி என்கிறோம். பால் குடித்தாலும் எலிக்குஞ்சு என்கிறோம். நான் 'வாத்தலகிக் குட்டி' என்றே எழுதுகிறேன்.