41-ஆம் இடமா, பட்டியலிலேயே இல்லையா?

வட கரோலினாவில் டர்ஹம் பக்கம் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் பையனுக்குப் பதினோரு வயது, பேஸ்பால் பைத்தியம். அவனுக்குப் பிடித்த மைனர் லீக் வீரர் ஒரு பட்டியலில் 41-ஆம் இடத்தில் இருக்கிறார். இன்னொரு பட்டியலில் முதல் நூறு பேரிலேயே இல்லை. இரண்டையும் போட்டவர்கள் இதையே தொழிலாகச் செய்பவர்கள். இதில் அறிவியல் ஏதாவது உண்டா, இல்லை கிளி ஜோசியம்தானா?"

அறிவியல் உண்டு. கிளியும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று நான்கு படிகள்; படிக்கு ஓர் அணி வீதம் மொத்தம் 120 அணிகள். இவை தவிரப் புதுமுகங்களுக்கான பயிற்சி லீக்குகள். இந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்களில் யார் மேலே போய் நிற்பார்கள் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்துவதுதான் இந்தப் பட்டியல்கள். 'பேஸ்பால் அமெரிக்கா' பத்திரிகை 1990-இலிருந்து ஆண்டுதோறும் நூறு பேர் பட்டியல் போடுகிறது. இன்று அதைப்போல் இன்னும் பல உண்டு. மேஜர் லீக்கில் 130 அட்-பேட்டைத் தாண்டிய பேட்டரும், 50 இன்னிங்ஸ் தாண்டிய பிட்சரும் (பந்து எறிபவர்) பொதுவாகப் பட்டியலிலிருந்து கழன்றுவிடுவார்கள். அட்-பேட் என்றால் மட்டையோடு போய் நின்ற ஒரு தடவை, அவ்வளவுதான். நான்கு பந்து தப்பாக வந்ததால் அடிக்காமலே முன்னேறும் 'வாக்' போன்ற சிலவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டு வருடம் முன்னால் டர்ஹம் மைதானத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். அங்கே இடது பக்க மதிலுக்கு மேலே பெரிய காளை ஒன்று பலகையில் நிற்கும். பந்தால் காளையை அடித்தால் ஸ்டேக் பரிசு. காளைக்குக் கீழே வரைந்திருக்கும் புல்லை அடித்தால் சாலட். நான் காளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் காளையையும் பார்க்கவில்லை, ஸ்கோரையும் பார்க்கவில்லை. கையில் ஸ்டாப்வாட்ச். மட்டையில் பந்து பட்டதும் ஒரு அழுத்து, ஓடி வருபவரின் கால் முதல் பேஸை, அதாவது அவர் ஓடித் தொட வேண்டிய முதல் முனையை, தொட்டதும் இன்னொரு அழுத்து. பிறகு சின்ன நோட்டில் ஓர் எண். அவர் ஒரு ஸ்கவுட். ஆள் தேடித் திரிவதே அவருக்கு வேலை.

அந்த ஓட்டம் சுமார் 27.4 மீட்டர். வலக்கை பேட்டர் 4.3 விநாடியில் வந்தால் 50 மதிப்பெண். 4.2 என்றால் 60. 4.1 என்றால் 70. 4.0 என்றால் 80, அதற்கு மேல் மார்க் கிடையாது. கீழே 20-க்குக் குறைவாகவும் கிடையாது. 20 முதல் 80 வரையிலான இந்த விசித்திரமான அளவுகோலைப் பார்த்தால் பிளஸ் டூ புள்ளியியல் ஞாபகம் வரும். 50 என்பது மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு 10-ம் ஒரு திட்டவிலக்கம், அதாவது ஆட்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகி நிற்கும் தூரம். ஆக 80 என்றால் சராசரிக்கு மேலே மூன்று திட்டவிலக்கம். மணி வடிவ வளைவில் அதைத் தாண்டி ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். அடிக்கும் திறன், பலம், ஓட்டம், பிடிக்கும் திறன், எறியும் கை என்று ஐந்துக்கும் தனித்தனி மார்க். இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு என்று இரண்டு தடவை. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்.

ஓட்டத்தை ஸ்டாப்வாட்சால் அளந்துவிடலாம். எறியும் வேகத்தை ரேடாரில் பார்க்கலாம். தகராறெல்லாம் 'அடிக்கும் திறன்' என்பதில்தான். எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடமும் அதுதான்.

ஒரு பேட்டரின் உண்மையான திறமை 0.270 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் அட்-பேட்டில் 270 ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸ் சேர்ந்த தடவைகள். அந்த எண் கடவுளுக்குத்தான் தெரியும். நமக்குத் தெரிவது ஒரு பருவத்தின் 400 அட்-பேட் மட்டும். 0.27-ஐ 0.73-ஆல் பெருக்கி, 400-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 0.022 வரும். அதாவது திறமையில் கடுகளவு மாற்றம் இல்லாமலேயே, மூன்று வருடத்தில் ஒரு வருடம் அவர் 0.292-க்கு மேலேயோ 0.248-க்குக் கீழேயோ போய் நிற்பார். மேலே நின்ற வருடம் "பையன் தயார்" என்று எழுதுவார்கள். கீழே நின்ற வருடம் "அடுத்த படியில் தாங்கமாட்டான்" என்பார்கள். ஆள் ஒருவர்தான்.

இதே 400 தடவையில் ஸ்ட்ரைக் அவுட் ஆகும் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து வெளியேறும்) விகிதத்தைப் பாருங்கள். அங்கேயும் தற்செயலின் ஆட்டம் இரண்டு சதவீதப் புள்ளி அளவுக்குத்தான். ஆனால் வீரருக்கு வீரர் அந்த விகிதம் 10 சதவீதத்திலிருந்து 35 சதவீதம் வரை விரிந்து கிடக்கிறது. அந்த விரிவுக்கு முன் இரண்டு புள்ளி ஒன்றுமே இல்லை. பேட்டிங் சராசரியோ பெரும்பாலும் 0.220-க்கும் 0.320-க்கும் இடையில் நெருங்கிக் கிடப்பது, அதில் 0.022 இரைச்சல் என்றால் பேச்சே காதில் விழாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இளம் பேட்டரின் சராசரியை விட்டுவிட்டு முதலில் ஸ்ட்ரைக் அவுட்டைப் பார்க்கிறார்கள். மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தையும் பார்க்கிறார்கள்; ஹிட்டா இல்லையா என்ற ஒற்றைப் பதிலைவிட மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற அளவு ஒவ்வொரு பந்திலும் அதிகம் சொல்கிறது.

சரி, இரைச்சல் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதை என்ன செய்வது?

பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1970 பருவத்தின் தொடக்கத்திலிருந்து 18 மேஜர் லீக் பேட்டர்களின் முதல் 45 அட்-பேட்டை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரிலும் மேலே ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே: 45-இல் 18 ஹிட், 0.400. கடைசிக்கு முந்தைய இடத்தில் தர்மன் மன்சன் என்ற புதுப்பையன்: 8 ஹிட், 0.178. பதினெட்டுப் பேரின் பொதுச் சராசரி 0.265. பருவத்தின் மிச்சத்தில் ஒவ்வொருவரும் எவ்வளவு அடிப்பார்கள் என்று சொல்ல வேண்டும். நீங்களும் நானும் என்ன செய்வோம்? கிளெமென்ட்டேவுக்கு 0.400, மன்சனுக்கு 0.178 என்று அவரவர் கணக்கை அவரவருக்கே எழுதிவிடுவோம்.

சார்லஸ் ஸ்டைன் என்ற கணிதர் 1956-இல் ஒரு விபரீதத்தைக் கண்டுபிடித்திருந்தார். பல எண்களை ஒரே நேரத்தில் மதிப்பிடும்போது, ஒவ்வொன்றையும் நடுவை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட்டால் மொத்தப் பிழை குறையும். 1961-இல் வில்லர்ட் ஜேம்ஸோடு சேர்ந்து அதற்கு ஒரு சூத்திரமும் கொடுத்தார். அந்தச் சூத்திரப்படி 45 அட்-பேட்டுக்கு வந்த எண் 0.212. அதாவது சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறாரோ, அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்பு, மீதியைத் தள்ளு. கிளெமென்ட்டே 0.400-இலிருந்து 0.294-க்கு இறங்கினார். மன்சன் 0.178-இலிருந்து 0.247-க்கு ஏறினார்.

மிச்சப் பருவத்தில் நடந்தது இது: கிளெமென்ட்டே 0.346, மன்சன் 0.316. பதினெட்டில் 16 பேருக்கு, இழுத்துவிட்ட எண்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. வர்க்கப் பிழைகளின் கூட்டுத்தொகை 0.077-இலிருந்து 0.022-க்கு விழுந்தது. 0.178-இல் கிடந்த மன்சன் அந்த ஆண்டு, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம்!

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கிளெமென்ட்டேவின் மதிப்பீட்டில் யாரோ பதினேழு பேருக்கு என்ன வேலை? யோசித்துப் பார்த்தால் புரியும். 0.400 என்பது திறமையும் அதிர்ஷ்டமும் கலந்த சாம்பார். அதில் எது எவ்வளவு என்று அந்த ஒரே கிண்ணத்தை வைத்துச் சொல்ல முடியாது. பதினெட்டுக் கிண்ணத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் பொதுவாக எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று தெரியும், அதில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியும்.

ஆனால் இதே கதைக்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. பட்டியல் சண்டைகள் முழுக்க அந்த ஓட்டைக்குள்தான் நடக்கின்றன. கிளெமென்ட்டேவின் மதிப்பீடு 0.294, அவர் அடித்தது 0.346. அதற்கு முன் நான்கு முறை லீக்கிலேயே அதிகச் சராசரி வைத்தவர் அவர். அவரைப் போய் யாரோ பதினேழு பேரின் சராசரியை நோக்கி இழுத்தது நியாயமா? நட்சத்திர பேட்டர்கள் என்ற கூட்டத்தின் சராசரியை நோக்கி அல்லவா இழுத்திருக்க வேண்டும்? இழுப்பதா வேண்டாமா என்பதில் இன்று யாருக்கும் சண்டை இல்லை. எந்தச் சராசரியை நோக்கி, எவ்வளவு தூரம் என்பதில்தான் எல்லாம்.

ஹொசே அல்டூவேவைப் பாருங்கள். ஐந்தரை அடி உயரம். வெனிசுவேலாவில் நடந்த தேர்வில் முதல் நாளே, குள்ளன் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மறுபடி வந்து நின்றார். 2007-இல் வெறும் 15,000 டாலருக்கு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் எடுத்துக்கொண்டது. 2011-இல் இரண்டு படிகளில் சேர்த்து மைனர் லீக்கில் 0.389 அடித்தார். அப்போதும் பேஸ்பால் அமெரிக்காவின் நூறில் அவர் பெயர் வந்ததே இல்லை. பட்டியல்காரர்களை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. அந்த வருடத்தின் ஒரு பாதியை அவர் ஆடியது லான்காஸ்டரில், காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகும் பாலைவன ஊர். இழுக்கத்தான் வேண்டும். ஆனால் 'ஐந்தரை அடி ஆட்கள்' என்ற கூட்டத்தின் சராசரியை நோக்கி இழுத்தார்கள். பிறகு அவர் மூன்று முறை லீக்கிலேயே அதிகச் சராசரி அடித்தார். 2017-இல் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது.

நான் சொன்ன கிளி உட்கார்ந்திருப்பது இங்கேதான். பழைய ஸ்கவுட்கள் 'நல்ல முகம்' என்று ஒன்றை நோட்டில் எழுதுவார்களாம். தாடை, பார்வை, நிற்கும் தோரணை. நம் ஊரில் இதற்குப் பெயர் முகராசி. ஆளைப் பார்த்ததும் வரும் உணர்வும் ஒரு தகவல்தான், முழுக்கத் தள்ள வேண்டியதில்லை என்று சிலர் வாதாடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் முகராசியை எத்தனை தடவை சரிபார்த்தார்கள், எத்தனை தடவை தவறியது என்று எண்ணி வைக்காதவரை அது கிளி எடுத்த சீட்டுதான்.

கேமராவுக்கும் ரேடாருக்கும் அள்ளிக் கொட்டிய அணிகள், அளக்கப்படும் பையன்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கவில்லை என்பது என் நெடுநாள் ஆத்திரம். 2023-இல் முதல் கூட்டு ஒப்பந்தம் வரும்வரை ட்ரிபிள் ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலர். ஒப்பந்தத்துக்குப் பிறகு 35,800. அரைவயிற்றோடு ஆடியவரின் எண்களைத் திறமை என்று சூத்திரத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு எந்த வர்க்கமூலம் எடுப்பது?

பிட்சர்கள் விஷயத்தில் ஒரே வரி போதும்: தோளும் முழங்கையும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் 1991 தேர்வில் முதல் ஆளாக 15.5 லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸ் அணி எடுத்த பிரையன் டெய்லர், 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள் போய், மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாமலே முடிந்துபோனார்.

இனி வாசகரின் 41. ஓர் அணி உள்நாட்டில் 165 மைனர் லீக் வீரர்களை வைத்துக்கொள்ளலாம். 30 அணிக்குக் கிட்டத்தட்ட 5,000. திறமை மணி வடிவத்தில் பரவியிருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டேன். முதல் ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் இடையில் சுமார் 0.66 திட்டவிலக்கம். 41-ஆம் ஆளுக்கும் 110-ஆம் ஆளுக்கும் இடையில், அறுபத்தொன்பது இடம் தள்ளியும், 0.4-க்குச் சற்றுக் குறைவு. வளைவின் வால் நுனியில் ஆட்கள் தூரத் தூர நிற்கிறார்கள், உள்ளே வர வர நெரிசல். ஒரு பட்டியல்காரர் டபுள் ஏ எண்களைக் கொஞ்சம் கூடுதலாக நம்பினால், அல்லது 'ஷார்ட்ஸ்டாப்பாகவே நிலைப்பான்' (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்கும் கடினமான இடம்) என்று நினைத்தால், அந்த 0.4 ஒரே மூச்சில் கடந்துவிடும். பேஸ்பால் அமெரிக்காவின் 2001 பட்டியலில் 42-ஆம் இடத்தில் இருந்தவர் ஆல்பர்ட் புஹோல்ஸ். அதே வருடம் மேஜர் லீக்கில் 37 ஹோம் ரன் அடித்தார். ஓய்வு பெறும்போது கணக்கு 703.

பையனிடம் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் கொண்டுபோகச் சொல்லுங்கள். அன்று டர்ஹமில் நானும் போனை எடுத்து, ஒரே ஓட்டத்துக்குப் பக்கத்து இருக்கைக்காரரோடு சேர்ந்து அழுத்திப் பார்த்தேன். பந்து பட்டதை மனம் வாங்கி விரல் அழுத்துவதற்குள் எனக்கு நேரமாகிவிட்டது. எனக்கு 4.1. அவருக்கு 4.3. என் கணக்கில் அந்தப் பையனுக்கு 70. அவர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, நோட்டில் 50 என்று எழுதினார்.