பால் குடிக்கிற பிள்ளைக்கு அடைப்பா?

அட்டனில் பஸ்ஸுக்கு நின்றபோது, தோட்டத்து அம்மா ஒருவர் பேத்தியின் கிளினிக் துண்டை வாசிக்கச் சொல்லி நீட்டினார். 'பிறவி இதய அடைப்பு' என்று யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள். "பால் குடிக்கிற புள்ளைக்கு மாரடைப்பு வருமா தம்பி? அடைப்ப எடுத்துட்டா சரியாயிருமா?"

இதே கேள்வியை எத்தனையாவது தடவை கேட்கிறேனோ!

மூலச்சொல் ஹார்ட் பிளாக். 1880களில் ஆமையின் இதயத்தை ஆராய்ந்த கஸ்கெல் என்ற ஆங்கிலேயர், துடிப்பு அலை வழியில் மறிபடுவதைத்தான் பிளாக் என்றார். இரத்தக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் பாடநூல் தமிழில் சொன்னால், மேலே சோணையறையில் பிறக்கும் மின் கணத்தாக்கம் கீழே இதயவறைக்குப் போய்ச் சேர்வதில்லை. இதயவறை குப்பி விளக்கு மாதிரி தன்பாட்டில் மெதுவாகத் துடிக்கும். நிமிடத்துக்கு 100க்கு மேல் துடிப்பு இருக்கவேண்டிய சிசுவுக்கு 50, 60தான் இருக்கும். பெரும்பாலும் தாயின் பிறபொருளெதிரிகள் (ஆன்டிபாடி), துடிப்பை மேலிருந்து கீழே கடத்தும் நடுக்கணுவைக் கருவிலேயே தழும்பாக்கிவிடுவதால் வருவது இது. தாய்க்கு நோயே தெரியாமலும் இருக்கலாம். ஈசிஜியில் பிடிபடும். துடிப்பு மிகவும் குறைந்தால், கம்பி வழியாக மின்துடிப்புக் கொடுக்கும் பேஸ்மேக்கர் பெட்டி. சிசுவானால் கம்பியை இதயத்தின் வெளிப்புறத்தில் தைத்து, பெட்டியை வயிற்றுச் சுவரில் வைப்பார்கள். இதில் எடுப்பதற்கு அடைப்பு ஏது?

பிளாக் என்றால் அடைப்புதானே என்பார்கள் அகராதிக்காரர்கள். மூக்கடைப்பு, கான் அடைப்பு, மாரடைப்பு: தமிழில் அடைப்பு என்றால் குழாயில் ஏதோ சிக்கியிருக்கிறது, குத்தி எடுத்தால் தீரும். மொழிபெயர்த்தவர் நோயோடு சேர்த்துப் பொய் வைத்தியத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

'இதயக் கடத்தல் தடை' என்றும் ஒன்று பார்த்தேன். பொலிஸ் சட்டம்போல இருக்கிறது. துடிப்புக் கோளாறு எல்லாவற்றுக்கும் சேர்த்து 'லயக்கேடு' என்பது சங்கீதக்காரர்களுக்குச் சரி. மலையகத்தில் லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் பத்தடிக் காம்பரா வரிசை. லயக்கேடு என்றால் கூரை ஒழுகுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அதுவும் பொய்யில்லை.

நான் சொல்வது 'இதய மின்தடங்கல்'. மழை இருட்டினாலே கரண்ட் போகிற ஊரில் இதற்கு அகராதி வேண்டாம். அந்த அம்மாவிடம், "மேல கரண்ட் இருக்கும்மா, கீழ வர்ற வயர்தான் அறுந்திருக்கு" என்றேன்.

"அப்ப புள்ளைக்கு ஜெனரேட்டர் வைக்கப் போறாங்களா?" என்றார்.

அந்தப் பெட்டியை டாக்டர்மாரும் ஜெனரேட்டர் என்றுதான் சொல்கிறார்கள்.