ஒர்க்ட்ரீ: பணி அடைவு

கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள் கிட்; அந்த வரலாறு இருக்கும் இடம் களஞ்சியம். கிட் களஞ்சியம் ஒன்றின் கோப்புகளை நாம் திறந்து திருத்துகிற அடைவுதான் (ஃபோல்டர்) ஒர்க்ட்ரீ. 'ஒர்க்கிங் ட்ரீ' என்பது அப்படிச் சுருங்கியது. அடைவுக்குள் அடைவாக விரியும் கோப்பமைப்பை மரமாகக் காணும் வழக்கத்தில் பிறந்த பெயர்.

இதைப் 'பணிமரம்' என்று பெயர்த்தால் பொருள் கெடும். 'கிளை' (பிராஞ்ச்) என்னும் சொல் மாற்றங்களின் வரலாற்றில் பிரியும் தனித் தடத்துக்கு உரியதாக ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இந்த மரமோ கணினியின் வட்டில் கிடக்கும் கோப்புகள். அந்தக் கிளை இந்த மரத்தில் முளைப்பதே இல்லை. ஆகவே 'பணி அடைவு' என்பதே தகும். இலங்கையில் அடைவு என்றதும் நகையை அடகு வைப்பதும் நினைவுக்கு வரும். 'பணி' முன்னால் நிற்பதால் மயக்கம் நேராது.

2015இல் வந்த கிட் 2.5 பதிப்பு முதல் ஒரே களஞ்சியத்துக்குப் பல பணி அடைவுகளை வைத்துக்கொள்ளலாம். முதலில் இருப்பது முதன்மைப் பணி அடைவு, பிறகு சேர்ப்பவை இணைப்புப் பணி அடைவுகள். பாதி வேலையில் அவசரத் திருத்தம் வந்தால் 'கிட் ஒர்க்ட்ரீ ஆட்' கட்டளையோடு புதிய அடைவின் பாதையையும் கிளைப் பெயரையும் கொடுங்கள். கோப்புகள் மட்டும் அங்கே விரியும், வரலாறு நகலாகாது. அங்குள்ள '.கிட்' ஓர் அடைவல்ல, மூலக் களஞ்சியத்தைச் சுட்டும் ஒற்றை வரிக் கோப்பு.

கிளைப் பெயர் தராவிட்டால் பாதையின் கடைசிப் பகுதியே கிளைப் பெயராகிவிடும். 'டெஸ்ட்', 'புதுசு' என்றெல்லாம் அடைவுக்குப் பெயரிடுவோர் இங்கேதான் மாட்டுகிறார்கள். திட்டப் பெயர், சிறுகோடு, கிளைப் பெயர் என்று வைத்து, கிளையையும் சொல்லிவிடுங்கள். இடம் முதன்மை அடைவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளே வைத்தால் கண்காணிக்கப்படாத அடைவாக, 'கிட் ஸ்டேட்டஸ்' காட்டும் நிலைப் பட்டியலில் வந்து நிற்கும்.

ஒரே கிளையை இரண்டு அடைவுகளில் திறக்க கிட் விடாது. ஒன்றில் கமிட் செய்தால், அதாவது மாற்றங்களை வரலாற்றில் பதிந்தால், கிளையின் நுனி நகர்ந்துவிடும். மற்றதன் கோப்புகள் பழைய நிலையிலேயே நிற்க, புதிய மாற்றங்களை நீக்கியதுபோல் தோன்றும். முடியாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷ் எல்லா அடைவுகளுக்கும் பொது. கிட் புறக்கணிக்கும் அமைப்புக் கோப்புகளும் நிறுவிய நிரல்தொகுப்புகளும் புதிய அடைவுக்கு வாரா, தனியே வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் அடைவை 'கிட் ஒர்க்ட்ரீ ரிமூவ்' கட்டளையால் நீக்குங்கள். கையால் அழித்தால் களஞ்சியத்தில் அதன் பதிவு மிஞ்சி அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கும். 'ப்ரூன்' அதைத் துடைக்கும். கையால் இடம் மாற்றியிருந்தால், புதிய இடத்துக்குள் நின்று 'ரிப்பேர்' கொடுங்கள். பென் டிரைவில் உள்ள அடைவுக்கு 'லாக்' போடுங்கள்; டிரைவ் கழற்றப்பட்டிருக்கும்போது ப்ரூன் அதன் பதிவைத் தொடாது.