பராமரிப்புத் தொகை கேட்கும் முன் ‘பெற்றோர்’ யார் என்று பாருங்கள்

அறுபது வயது ஆனால்தான் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க முடியும் என்று நினைத்துக் கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் உண்டு. அந்த எண்ணம் தவறு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் ‘பெற்றோர்’, ‘மூத்த குடிமக்கள்’ இரண்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. அறுபது வயது நிபந்தனை இரண்டாவதற்கு மட்டும்தான். பெற்ற தாய் தந்தை, தத்தெடுத்தவர்கள், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை எல்லோரும் எந்த வயதிலும் ‘பெற்றோர்’. சொந்த வருமானத்திலோ சொத்திலோ வாழ இயலாத நிலை இருந்தால் போதும்.

‘பிள்ளைகள்’ என்பதில் மகன், மகளோடு பேரன், பேத்தியும் அடக்கம். 18 வயது நிரம்பாதவர்கள் இல்லை. மருமகன், மருமகளை அந்த வரையறை குறிப்பிடவில்லை. அவர்களைச் சேர்க்க 2019இல் வந்த திருத்த மசோதா சட்டமாகவில்லை.

அதிகக் குழப்பம் தருவது ‘உறவினர்’. வீட்டில் அது சித்தப்பா முதல் ஒன்றுவிட்ட தம்பி வரை நீளும். இந்தச் சட்டத்தில், குழந்தை இல்லாத மூத்த குடிமகனின் சட்டப்படியான வாரிசாக இருந்து, அவருடைய சொத்தை அனுபவிக்கிற அல்லது பின்னால் அடையப்போகிற, வயது வந்தவர் மட்டுமே உறவினர். பாசமாகப் பழகிய அண்ணன் மகன் வாரிசு இல்லையென்றால் அவரிடம் கேட்க வழியில்லை.

‘பராமரிப்பு’ உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை ‘உள்ளடக்கும்’ என்கிறது சட்டம். ‘இவை மட்டுமே’ என்று சொல்லியிருந்தால் பட்டியல் அத்தோடு முடிந்திருக்கும். ‘உள்ளடக்கும்’ என்றதால் வேறு தேவைகளையும் கேட்க இடமிருக்கிறது. அதோடு, மூத்த குடிமக்கள் ‘இயல்பான வாழ்க்கை’ வாழும் அளவுக்குப் பிள்ளைகளின் கடமை நீள்கிறது என்று சட்டம் சொல்கிறது. அது எத்தகைய வாழ்க்கை என்று எங்கும் விளக்கவில்லை. அந்த இடத்தை விண்ணப்பதாரர்தான் நிரப்ப வேண்டும். மாதாந்திர மருந்துச் செலவு, வாடகை, உதவியாளர் கூலி என ஒவ்வொன்றையும் ரசீதுகளோடு எழுதுங்கள். ‘போதிய தொகை வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் அதைப் பிறர் தம் விருப்பப்படி அளப்பார்கள்.

விண்ணப்பத்தைத் தீர்ப்பாயத்தில் தர வேண்டும். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் அதை நடத்துகிறார். தாமே விண்ணப்பிக்க முடியாதவர்கள் வேறொருவருக்கு அதிகாரம் அளிக்கலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த 90 நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். விதிவிலக்காக 30 நாட்கள் கூடலாம். உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். முடிவில் திருப்தி இல்லாத பெற்றோரும் மூத்த குடிமக்களும் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.