அயனியாக்க அறையின் அளவீட்டைத் திருத்துவது ஏன்?

எக்ஸ்-கதிர்க் கருவி வெளியிடும் கதிர்வீச்சை அளக்கப் பயன்படும் அயனியாக்க அறை என்பது, இரு மின்முனைகளுக்கு இடையே சிறிதளவு காற்றைக் கொண்ட ஒரு கூடு. கதிர்கள் அக்காற்றை அயனியாக்குகின்றன, அதாவது மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிக்கின்றன. விளையும் மின்னூட்டத்தை மின்னூட்டமானி திரட்டி அளக்கிறது. அந்த எண்ணை, தர ஆய்வகம் அந்தக் கருவிக்குக் கணித்துத் தரும் அளவுத்திருத்தக் கெழுவால் பெருக்கினால் காற்றுக் கெர்மா, அதாவது ஒரு கிலோகிராம் காற்றில் கதிர்கள் விடுவிக்கும் ஆற்றல், கிரே அலகில் கிடைக்கும். ஆனால் அந்தக் கெழு, தர ஆய்வகத்தில் நிலவிய நிலைமைகளுக்கு மட்டுமே பொருந்தும். பெரும்பாலும் அவை 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை, 101.3 கிலோபாஸ்கல் அழுத்தம், குறிப்பிட்ட ஒரு கதிர்த்தரம் (கற்றையின் ஊடுருவும் திறன்) ஆகியவை.

பெரும்பாலான அயனியாக்க அறைகள் வெளிக்காற்றோடு தொடர்புள்ளவை என்பதால், காற்று சூடேறினாலோ அழுத்தம் குறைந்தாலோ உள்ளிருக்கும் காற்றின் நிறை குறைகிறது; அயனிகளும் குறைகின்றன; கதிர்வீச்சு மாறாதபோதும் கருவி குறைத்துக் காட்டுகிறது. 273.15ஐ அளக்கும் இடத்தின் செல்சியஸ் வெப்பநிலையோடு கூட்டி 293.15ஆல் வகுத்து, அதை 101.3க்கும் நிலவும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால், அளந்த எண்ணைப் பெருக்க வேண்டிய திருத்தக் காரணி கிடைக்கும். கடல் மட்டத்தில் 30 டிகிரியில் இது ஏறத்தாழ 1.034. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் அழுத்தம் 79.5 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடுவதால், 27 டிகிரியில் காரணி 1.30ஐ எட்டுகிறது. அதைப் புறக்கணித்தால் உண்மை அளவில் கால் பங்குக்குச் சற்று குறைவான பகுதி கணக்கில் வராமலே போய்விடும். இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும்: வானிலை அறிக்கைகள் தரும் அழுத்தம் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிடப்பட்டது, மலைப்பகுதியில் அதை அப்படியே பயன்படுத்தினால் திருத்தமே பிழையாகிவிடும். அளவீடு நடக்கும் இடத்திலேயே அழுத்தமானி இருப்பது நல்லது. மின்னூட்டமானி தானாகவே திருத்திக் காட்டுகிறதா என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் ஒரே திருத்தம் இரு முறை சேர்ந்துவிடும்.

அடுத்தது கதிர்த்தரம். பொது எக்ஸ்-கதிர்ப் படமெடுப்புக்கான கருவிகள் பெரும்பாலும் 70 கிலோவோல்ட், 2.58 மில்லிமீட்டர் அலுமினிய அரைமதிப்புத் தடிமன் (கற்றையின் செறிவைப் பாதியாக்கும் அலுமினியத்தின் தடிமன்) கொண்ட கற்றையில் அளவுத்திருத்தம் செய்யப்படுகின்றன. வேறு கற்றைகளுக்குத் தனிக் காரணி தேவை. மின்னழுத்தம் ஒன்றாக இருந்தும் வடிகட்டி வேறாக இருந்தால் கற்றையின் ஊடுருவும் திறன் மாறிவிடும். எனவே கிலோவோல்ட்டை மட்டும் கொண்டு காரணியைத் தேர்வது போதாது, அரைமதிப்புத் தடிமனையும் அளந்தாக வேண்டும். அயனிகள் திரட்டப்படும் முன்பே மீண்டும் இணைந்துவிடுவதால் ஏற்படும் இழப்பு பொதுவாகச் சிறியதே. அளவு வீதம், அதாவது ஒரு நொடியில் வந்து சேரும் கதிர்வீச்சின் அளவு, மிகுந்த கற்றைகளில் அதைச் சரிபார்ப்பது முறை.

இதே அளவீட்டுக்குக் காற்றுக்குப் பதிலாகத் திண்மப் பொருளைப் பயன்படுத்தும் குறைகடத்தி உணரிகளின் நிலை வேறு. திண்மப் பொருளின் நிறை காற்றழுத்தத்தால் மாறாததால் அழுத்தத் திருத்தம் அவற்றுக்குப் பொருந்தாது; பழக்கத்தால் அதைச் சேர்ப்பது பெரும் பிழை. ஆனால் கதிர்களின் ஆற்றலைச் சார்ந்து அவை காட்டும் மாற்றம் அயனியாக்க அறையைக் காட்டிலும் மிக அதிகம். அதனால் இன்றைய பல கருவிகள், வெவ்வேறு வடிகட்டிகளுக்குக் கீழே வைத்த பல உணரிகளின் விடைகளை ஒப்பிட்டுத் தாமே திருத்திக்கொள்கின்றன. மார்பகப் படமெடுப்பில் அந்தத் திருத்தம், மாலிப்டினம், ரோடியம், டங்ஸ்டன் போன்ற உலோகங்களாலான நேர்முனை (எக்ஸ்-கதிர்க் குழாயில் கதிர்கள் பிறக்கும் பகுதி), வடிகட்டிச் சேர்க்கைகளில் எது பயன்படுகிறது என்று பயனர் தெரிவு செய்வதைப் பொறுத்தது. தெரிவு தவறினாலும் எந்த எச்சரிக்கையும் தராமல் திரையில் ஓர் எண் தோன்றிவிடக்கூடும் என்பதால், அளவீட்டுப் பதிவேட்டில் அந்தத் தெரிவையும் எழுதி வைப்பது அவசியம்.