சிறுநீரகத்துக்கு மஞ்சள் காப்பாகுமா?

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. நாளொன்றுக்கு அங்கே வடிகட்டப்படும் 180 லிட்டர் நீர்மத்தில் ஒன்றிரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராகிறது. மற்றதை எல்லாம் நுண்குழல்கள் உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. இரத்தத்தில் கலந்த மருந்தும் இந்த வழியாகத் திரும்பத் திரும்ப வந்துபோவதால், அதன் நச்சுக்கு முதலில் ஆளாகும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று.

விதைப்பை, சினைப்பைப் புற்றுநோய்களுக்காக 1978-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிரியாட்டினின் போன்ற கழிவுகளை இரத்தத்திலிருந்து அள்ளி உள்ளே விடுவதற்கென வடிகட்டிய நீர்மம் முதலில் வந்து சேரும் அண்மைச் சுருள் நுண்குழலின் செல்களில் ஓசிடி2 என்னும் கடத்திப் புரதம் இருக்கிறது. அது சிஸ்பிளாட்டினையும் கழிவென்றே எண்ணி உள்ளே விட்டுவிடுவதால், அச்செல்களில் மருந்தின் செறிவு இரத்தத்தில் உள்ளதைப் போல ஐந்து மடங்கு வரை ஏறுகிறது. செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே சிஸ்பிளாட்டின் தன் குளோரைடுகளை இழந்து வீரியம் பெற்று, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குகிறது. செல்லின் தற்காப்பான குளூட்டத்தயோன் தீர்ந்துபோக, வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, அழற்சி மூண்டு, செல் மடிகிறது.

மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் வேதிப்பொருள் இந்தச் சங்கிலியை இரண்டு இடங்களில் அறுக்கிறது: குளூட்டத்தயோன் உற்பத்தியைத் தூண்டும் என்ஆர்எஃப்2 புரதத்தை முடுக்குகிறது, அழற்சியைக் கிளப்பும் என்எஃப்-கப்பா-பி புரதத்தை அடக்குகிறது. சிஸ்பிளாட்டினோடு குர்குமினும் கொடுக்கப்பட்ட எலிகளின் நுண்குழல்களில் சேதம் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். எலிக்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் கிலோ எடைக்கு 200 மில்லிகிராம். எலிக்கான அளவை மனிதருக்கு மாற்றும் வழக்கமான முறைப்படி இதை 6.2 ஆல் வகுத்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.9 கிராம் குர்குமின் தேவை. மஞ்சள்தூளில் குர்குமின் 3 விழுக்காடு அளவே இருப்பதால், அறுபது கிராமுக்கு மேல் தூளை விழுங்கியாக வேண்டும். குழம்பில் போடும் கால் தேக்கரண்டி எந்த மூலைக்கு? விழுங்கினாலும் குடல் அதைச் சரியாக ஏற்பதில்லை. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் இரத்தத்தில் சேரும் குர்குமின் 20 மடங்கு உயர்வதாகப் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். எனினும், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுத்தே பைப்பரின் இதைச் சாதிப்பதால், நோயாளி உட்கொள்ளும் பிற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் தாறுமாறாகக்கூடும். சிறுநீரகக் கல்லில் காணப்படும் ஆக்சலேட் மஞ்சளில் மிகுதி என்பதால், மஞ்சள் மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்ட சிலருக்கு அதுவே சிறுநீரகத்தில் படிந்து கெடுத்ததும் உண்டு.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படும் ஐயம் வேறு. சிறுநீரகச் செல்லைக் காக்கும் பொருள் புற்றுச் செல்லையும் சேர்த்துக் காத்துவிடாதா? புற்றுக்கட்டியே இல்லாத எலியை வைத்து இதற்கு விடை காண முடியாது. அதனால்தான் இன்றும் மருத்துவமனைகளில் மஞ்சளை நம்பாமல், சிஸ்பிளாட்டினுக்கு முன்னும் பின்னும் உப்புநீரை இரத்தக்குழாய் வழியே ஏற்றி, மக்னீசியமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

மூலிகை என்பதாலேயே சிறுநீரகத்துக்கு இதமானது என்றும் கொள்ள முடியாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை உட்கொண்ட 100-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. மாத்திரையில் தவறுதலாகக் கலந்திருந்த செடி, நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் பேரினத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம், வேறொரு கடத்திப் புரதத்தின் வழியாக அதே நுண்குழல் செல்களுக்குள்தான் நுழைகிறது.