எம்.ஐ.சி.: மீச்சிறு தடுப்புச் செறிவு

மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவால் மூளையுறை அழற்சி வந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், ஆய்வக அறிக்கையில் மருத்துவர் முதலில் தேடுவது 'எம்.ஐ.சி.' என்ற எழுத்துகளுக்கு எதிரே உள்ள எண்ணைத்தான். 'மினிமம் இன்ஹிபிட்டரி கான்சன்ட்ரேஷன்' என்பதன் சுருக்கமான இது, பாக்டீரியா கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகாமல் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவைக் குறிக்கிறது. மருந்தை மில்லிலிட்டருக்கு 4, 2, 1, 0.5 மைக்ரோகிராம் எனப் பாதி பாதியாகக் குறைத்துக் கலந்த வளர்ப்பு ஊடகங்களில், மில்லிலிட்டருக்குச் சுமார் 5 லட்சம் பாக்டீரியாக்களை இட்டு, 35 பாகை செல்சியஸில் ஓர் இரவு வைத்தெடுத்தால், சில குழாய்கள் கலங்கியும் சில தெளிந்தும் இருக்கும். தெளிந்தவற்றுள் மருந்து மிகக் குறைவாக உள்ள குழாயின் செறிவே எம்.ஐ.சி.

'இன்ஹிபிட்டரி' என்பதன் வேர், பிடித்து நிறுத்துதல் என்று பொருள்படும் 'இன்ஹிபேரே' என்ற லத்தீன் வினை. கொல்லுதல் என்ற பொருள் அதில் இல்லை. எனவே 'கொல்செறிவு' என்று தமிழாக்குவது பிழை. அப்பெயர், இட்ட பாக்டீரியாக்களில் 99.9 விழுக்காட்டை அழிக்கும் மிகக் குறைந்த செறிவான எம்.பி.சி.க்கே ('மினிமம் பாக்டீரிசைடல் கான்சன்ட்ரேஷன்') உரியது. 'குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு' என்பதில் பிழையில்லை. ஆயினும் 'மீச்சிறு பொது மடங்கு' என்று பள்ளிக் கணக்கிலேயே பழகிவிட்ட 'மீச்சிறு' இருக்கும்போது, அதையே நான் தேர்வேன்.

மூளையுறை அழற்சியில், தடுத்தலுக்கும் கொல்லுதலுக்கும் இடையிலான இந்த வேறுபாடு உயிர்காக்கும் விஷயம். மற்ற பெரும்பாலான உறுப்புகளில் மருந்து பெருக்கத்தை நிறுத்தினால் போதும், எஞ்சியதை உடலின் எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் முடித்துவிடும். மூளைத் தண்டுவடத் திரவத்திலோ எதிர்ப்பொருள்கள் மிகக் குறைவு என்பதால், கொல்லும் வேலையையும் மருந்தே செய்தாக வேண்டும். போதாததற்கு, இரத்த-மூளைத் தடுப்பைக் கடந்து பெனிசிலினில் சிறு பங்கே உள்ளே செல்கிறது.

இதனால்தான் ஒரே எண் இரண்டு விதமாக வாசிக்கப்படுகிறது. ஆய்வகச் சோதனைகளுக்கு வரையறை வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பு 2008-இல் திருத்திய வரையறையின்படி, சிரை வழிச் செலுத்தும் பெனிசிலினுக்கு எம்.ஐ.சி. 1 (மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம்) காட்டும் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா, நுரையீரல் அழற்சியில் மருந்துக்குக் கட்டுப்படுவது. மூளையுறை அழற்சியிலோ 0.06 வரை மட்டுமே கட்டுப்படுவது, 0.12 முதலே எதிர்ப்புடையது. ஆகவே தொற்று உடலில் எங்கே உள்ளது என்பதைக் குறிப்பிடாத எம்.ஐ.சி. அரைகுறைத் தகவலே.